டாக்டர் சொன்ன 85

அக்கா மகளுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். கால் வலிக்கிறது என்று இரண்டு வாரமாக நடக்க மறுத்தாள், அடிபடாமலே தொடையில் நீலம் நீலமாகத் தடங்கள் வந்தன, காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. டாக்டர் எதிரே உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். நோயின் பெயர் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா, ஏஎல்எல் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம், வைத்தியம் இரண்டு வருடத்துக்கு மேல் நடக்கும் என்று என்னென்னவோ சொன்னார். அக்காவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. "இந்த வகைக்கு 85லிருந்து 90 சதவீதம் பிள்ளைகள் பிழைக்கிறார்கள்."

வெளியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டு அக்கா என்னிடம் கேட்டாள், "மீதி 15 பேர் யாருடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த மாதத்தோடு ஐந்து வருடம் முடியப்போகிறது. இத்தனை நாளில் நான் படித்தது, கேட்டது, தப்பாகப் புரிந்துகொண்டு பிறகு திருத்திக்கொண்டது எல்லாம் சேர்த்து அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்ல முடியும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஒரு பிள்ளையின் சித்தி, அவ்வளவுதான்.

முதல் ராத்திரி நான் செய்த காரியத்தை இன்றைக்கு யாரும் செய்ய வேண்டாம் என்பேன். எல்லாரும் தூங்கிய பிறகு போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் 4 சதவீதம் என்று இருந்தது. இன்னொரு இடத்தில் 50. ஒரு இடத்தில் 80க்கு மேல், அடுத்த வரியிலேயே 30க்கும் கீழ். விடியும்வரை அந்த எண்களை ஒன்றோடொன்று மோத விட்டுக்கொண்டிருந்தேன். எதைப் படித்தாலும் அதில் மிகக் குறைவான எண்தான் கண்ணில் ஒட்டிக்கொண்டது. அவை எல்லாமே உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தின், வேறு வேறு இடத்தின், வேறு வேறு நோயின் எண் என்பது புரிய எனக்குப் பல மாதம் பிடித்தது.

அந்த 4 சதவீதம் 1962ஆம் வருடத்து எண். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் செயின்ட் ஜூட் மருத்துவமனை அந்த வருடம் திறக்கப்பட்டபோது ஏஎல்எல் வந்த நூறு குழந்தைகளில் நான்கு பேர்தான் பிழைத்தார்கள். அதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அந்த நான்கும் கிடையாது. 1947 கடைசியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதற்கு முன்பு ஃபோலிக் அமிலம் சார்ந்த மருந்துகளைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாக வளர்ந்ததை அவர் கவனித்திருந்தார். அப்படியென்றால் அதைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. அந்த மருந்து வந்தது லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து, அங்கே அந்த வேலைக்குத் தலைமை வகித்தவர் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948இல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 பிள்ளைகள், அதில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. சில மாதங்களுக்குத்தான். பிறகு திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் மருந்தால் இந்த நோயை அசைக்க முடியும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு மருந்தாக வந்தது. 1953இல் மெர்காப்டோப்யூரின். 60களின் தொடக்கத்தில் வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்தது. இந்த வின்கிரிஸ்டினைத்தான் முதல் மாதம் வாரம் ஒரு தடவை எங்கள் பிள்ளைக்கு ஏற்றினார்கள், அதன் பிறகு ரொம்ப நாள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஒரே மருந்தாகக் கொடுத்தால் நோய் தப்பித்துவிடுகிறது, நான்கைச் சேர்த்துக் கொடுப்போம் என்று எமில் ஃப்ரைராய்க், எமில் ஃப்ரை என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் துணிந்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு இவ்வளவு விஷமா என்று சக டாக்டர்களே அப்போது எதிர்த்தார்கள். ரத்தத்தில் நோய் போன பிறகும் மூளையைச் சுற்றியுள்ள உறையில் ஒளிந்திருந்து திரும்புகிறது என்பதைப் பிடித்து, அங்கேயும் வைத்தியம் செய்தவர் செயின்ட் ஜூடின் டொனால்ட் பிங்கல். 1967இல் அவர் தொடங்கிய சிகிச்சை முறையில் பாதிப் பிள்ளைகள் குணமானார்கள். நான் பார்த்த அந்த 50 எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்தபோதுதான் விளங்கியது.

பாதியிலிருந்து 90க்கு வந்தது எந்த அதிசய மருந்தாலும் இல்லை, இது என்னை ரொம்பவே பாதித்த விஷயம். பெரும்பாலும் அதே பழைய மருந்துகள்தான். யாருக்கு எவ்வளவு, எந்த வரிசையில், எத்தனை நாள் இடைவெளியில் என்பதை ஒரு ஆய்வு முடிந்ததும் அடுத்த ஆய்வு என்று அறுபது வருடமாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆய்விலும் ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் தங்கள் பிள்ளையைச் சேர்க்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் பிள்ளைகள் இன்று இல்லை. எங்கள் பிள்ளைக்கு எழுதிய மருந்தின் அளவு அந்தப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. இதை நினைக்காமல் அந்த 85 என்ற எண்ணை என்னால் இப்போது சொல்ல முடிவதில்லை.

சரி, அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது?

பொதுவாகச் சொல்லப்படுவது ஐந்து வருட உயிர்பிழைப்பு விகிதம். நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கி, ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது. வைத்தியம் முடிந்த நாளிலிருந்து எண்ணுவது என்று நினைப்பவர்கள் நிறைய, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உயிரோடு இருக்கிறார்கள் என்றால் நோயில்லாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை, ஐந்தாவது வருடம் நோய் திரும்பி மறுபடி மருந்தில் இருக்கும் பிள்ளையும் அந்தக் கணக்கில் உண்டு. நோய் திரும்பாமல், வேறு பெரிய சிக்கலும் வராமல் இருப்பவர்களை மட்டும் எண்ணும் கணக்கு தனியாக இருக்கிறது, அது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். எந்த எண்ணைப் படித்தாலும் இது எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள்.

"குழந்தைப் புற்றுநோய்" என்று ஒரே நோய் இருப்பது போலச் சொல்கிறோமே, அதுதான் பெரிய குழப்பம். சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியும் நிணநீர்க் கணுக்களில் வரும் ஹாட்ஜ்கின் லிம்போமாவும் நல்ல வசதியுள்ள இடங்களில் 90 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ குணமாகின்றன. கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் 95க்கும் மேல். நரம்புத் திசுவில் வரும் நியூரோபிளாஸ்டோமா அதிக அபாயப் பிரிவு என்றால் ஏறக்குறைய பாதி. எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமா நுரையீரலுக்குப் போவதற்கு முன்பா பின்பா என்பதில் எண்ணே தலைகீழாகிவிடும். மூளைத் தண்டில் வரும் டிஐபிஜி என்ற கட்டியைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வருடம்கூடக் கிடைப்பதில்லை. இவ்வளவையும் கூட்டி வகுத்து "80 சதவீதம்" என்று ஒரு எண் வருகிறது. அந்த 80 எந்த ஒரு பிள்ளையின் எண்ணும் இல்லை.

எங்களோடு அதே வார்டில் ஒரு பையன் இருந்தான். அவன் அம்மாவுக்குச் சொல்லப்பட்ட எண் வேறு. எங்களுக்கு 85 என்று சொன்னார்கள் என்பதை அவரிடம் அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அவள் இன்றும் வருத்தப்படுகிறாள், சொல்லியிருந்தாலும் வருத்தப்பட்டிருப்பாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

இன்னொன்று, இந்த எண் எப்போதுமே பழையது. ஐந்து வருடம் காத்திருந்துதான் எண்ண முடியும் என்பதால் இன்று நீங்கள் படிக்கும் விகிதம் குறைந்தது ஐந்து வருடம் முன்பு, பல சமயம் பத்து வருடம் முன்பு சேர்ந்த பிள்ளைகளுடையது. நடுவில் வைத்தியம் மாறியிருக்கும். 2024 டிசம்பரில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. சாதாரண அபாயப் பிரிவில் இருக்கும் ஏஎல்எல் பிள்ளைகளில், நோய் திரும்ப ஓரளவு வாய்ப்புள்ளவர்களுக்கு வழக்கமான கீமோவோடு பிளினாட்டுமோமாப் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள் 88 சதவீதத்திலிருந்து 96க்குப் போனார்கள். இந்த முடிவு வந்தபோது எங்கள் பிள்ளையின் வைத்தியம் முடிந்துவிட்டிருந்தது. படித்துவிட்டு ஒரு நிமிடம் வயிற்றைப் பிசைந்தது, பிறகு இப்போது அந்த வராந்தாவில் நிற்கும் யாரோ ஒரு அம்மாவுக்கு இது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எண் ஏறினால் உயிர் காப்பாற்றப்பட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு ஜப்பான் ஒரு உதாரணம். 1985இலிருந்து அங்கே ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து நியூரோபிளாஸ்டோமாவைத் தேடினார்கள். நிறையக் கட்டிகள் கிடைத்தன, அப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் அநேகமாக எல்லோரும் பிழைத்தார்கள், விகிதம் பிரமாதமாக இருந்தது. ஆனால் கிடைத்தவற்றில் பல தானாகவே கரைந்து போகக்கூடிய கட்டிகள். ஆபத்தான வகையோ பரிசோதனையில் அகப்படாமல் பிறகு வந்தது. ஜெர்மனியிலும் கனடாவிலும் இதே பரிசோதனையை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டபோது, இதனால் சாவு குறையவில்லை என்று தெளிவானது. ஜப்பான் 2004இல் திட்டத்தை நிறுத்தியது. தேவையில்லாத அறுவையும் கீமோவும் பட்ட குழந்தைகள் எத்தனை பேரோ.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். மீதி 15 பேர் யார்?

வசதியான நாடுகளில் அவர்கள் பெரும்பாலும் மருந்துக்கு மசியாத வகை நோய் வந்தவர்கள், நோய் திரும்பியவர்கள், வைத்தியத்தின் நடுவே ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமித் தொற்றில் போனவர்கள். அங்கே இது மருத்துவத்தின் எல்லை. உலகத்தின் மற்ற பகுதிகளில் அந்த 15 என்பது 50ஆகவும் 70ஆகவும் ஆகிவிடுகிறது, அதற்குக் காரணம் நோயின் குணம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30க்கும் கீழ். முதல் ராத்திரி அடுத்தடுத்த வரியில் நான் பார்த்தது இந்த இரண்டு எண்களைத்தான். 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகளை நாடு நாடாக ஒப்பிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. அதே ஏஎல்எல், அதே வருடங்கள். ஃபின்லாந்தில் 95 சதவீதம், ஈக்வடாரில் ஏறக்குறைய 50. மூளைக் கட்டி என்றால் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 80ஐ நெருங்குகிறது, பிரேசிலில் 29.

ஒரே நோய்க்கு இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது என்று பார்த்தால் மனம் கொதிக்கிறது. நோய் என்ன என்றே கண்டுபிடிக்கப்படாமல் போகும் பிள்ளைகள். வேறு நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு முற்றிய பிறகு வருபவர்கள். மருந்து பாதியில் தீர்ந்து போகும் மருத்துவமனைகள். கீமோவை விடத் தொற்று முந்திக்கொள்ளும் வார்டுகள். அப்புறம் வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகும் குடும்பங்கள். இதை ஆங்கிலத்தில் "அபாண்டன்மென்ட்" என்கிறார்கள், கைவிடுதல் என்று. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டு வருடம் ஒரு பிள்ளையோடு மருத்துவமனைக்கு அலைவது என்றால் ஒருவர் வேலையை விட வேண்டும், இன்னொரு பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், தங்க இடம் வேண்டும். முதல் மாதம் முடிந்து ரத்தத்தில் நோய் தெரியவில்லை என்று சொன்னதும் பிள்ளை துள்ளி விளையாட ஆரம்பித்துவிடும், சரியாகிவிட்டது என்று கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பிள்ளையைக் கைவிட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2030க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதம் பிள்ளைகளாவது பிழைக்க வேண்டும் என்பது இலக்கு. ஆறு வகைப் புற்றுநோய்களை முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஏஎல்எல், வில்ம்ஸ் கட்டி, ரெட்டினோபிளாஸ்டோமா எல்லாம் உண்டு, குணப்படுத்தும் வழி ஏற்கெனவே தெரிந்தவை என்பதால். வழி தெரிந்த நோய்கள் இத்தனை இருந்தும் 60ஐ இலக்காக வைக்க வேண்டிய நிலைமை என்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

கண்டுபிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், குளிப்பாட்டும்போது வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் தொடர்ந்து வந்தால், எலும்பு வலியோ காரணமில்லாத நீலத் தடமோ போகாமல் இருந்தால் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் வேறு எதாவதாகத்தான் இருக்கும். இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

முதல் நாள் சொன்ன எண் அப்படியே நிற்பதில்லை என்பதும் எங்களுக்கு முதலில் தெரியாது. 29ஆம் நாள் எலும்பு மஜ்ஜையை எடுத்து எம்ஆர்டி என்ற பரிசோதனை செய்தார்கள். மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவு நோய் மிச்சமிருக்கிறதா, பத்தாயிரம் செல்லில் ஒன்று இருந்தாலும் பிடித்துவிடும். அந்த முடிவு வரும்வரை அக்கா தூங்கவில்லை. மிச்சம் இல்லை என்று வந்ததும் டாக்டர், "இனி முதல் நாள் சொன்னதை மறந்துடுங்க, இதுதான் உங்க பிள்ளையோட எண்," என்றார். வேறு பிள்ளைக்கு அது மறுபக்கமும் போகலாம், அப்போது மருந்தைக் கூட்டுவார்கள், அதற்காகத்தான் அந்தப் பரிசோதனை.

அதன் பிறகு நீண்ட பராமரிப்புக் கட்டம். தினமும் ராத்திரி வீட்டில் ஒரு மாத்திரை, 1953இல் வந்த அதே மெர்காப்டோப்யூரின். நூறு நாளில் 95 நாளுக்குக் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிள்ளை நன்றாக இருக்கிறது, முடி வளர்ந்துவிட்டது, இந்தக் கட்டத்தில்தான் மாத்திரை மறக்கும். அக்கா ஒரு காலண்டரில் ஒவ்வொரு ராத்திரியும் கட்டம் போட்டு அடித்தாள். அந்தக் காலண்டர்கள் இன்னும் இருக்கின்றன.

பிழைத்தவர்களைப் பற்றி அந்த விகிதம் ஒன்றுமே சொல்வதில்லை. பிங்கல் காலத்தில் தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு உயிரைக் காப்பாற்றியது, படிப்பையும் வளர்ச்சியையும் பாதித்தது, அதனால்தான் பின்னாளில் அதை விட்டுவிட்டு முதுகுத்தண்டில் ஊசியாக மருந்து கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். சிவப்பு நிறத்தில் ஏற்றும் மருந்து இதயத்தை வலுவிழக்கச் செய்யலாம். வேறு சில புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து காதைப் பாதிக்கலாம். 2013இல் வந்த ஒரு ஆய்வில், பழைய முறைகளில் வைத்தியம் பெற்றுப் பிழைத்தவர்களில் 45 வயதுக்குள் 95 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாட்பட்ட உடல்நலப் பிரச்சினை வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதே சமயம், ஐந்து வருடத்தைத் தாண்டிய பிறகு இறந்து போகிறவர்களின் அளவு 70களுக்கும் 90களுக்கும் நடுவே ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது, மருந்தை எங்கே குறைக்கலாம் என்று தேடித் தேடிக் குறைத்ததால். எங்கள் பிள்ளை இதயத்துக்கு எக்கோ எடுக்கப் போய் வருகிறாள், பெரியவளான பிறகும் போக வேண்டியிருக்கும். எந்த மருந்து எவ்வளவு ஏறியது என்ற முழுக் கணக்கையும் மருத்துவமனையிலிருந்து எழுதி வாங்கி வைத்திருக்கிறோம். இதை எல்லாப் பெற்றோரும் வாங்கி வைக்க வேண்டும், இருபது வருடம் கழித்து அவளைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு அது தேவைப்படும்.

போன மாதம் செக்கப்புக்குப் போனபோது அதே வராந்தாவில் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், கையில் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தாள். மகனுக்கு ஏஎல்எல் என்று சொல்லி மூன்று நாள் ஆகிறதாம். எங்கள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவள் அக்காவிடம், "உங்களுக்கு எத்தனை பெர்சென்ட்னு சொன்னாங்கக்கா?" என்று கேட்டாள்.

அக்கா எண்ணைச் சொல்லவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "29ஆவது நாள் டெஸ்ட் எப்பன்னு எழுதி வச்சிருக்கியா? காய்ச்சல் வந்தா ராத்திரியில யாருக்குப் போன் பண்ணணும்னு கேட்டுட்டியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் ஃபைலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பிள்ளை பசிக்கிறது என்று என் கையைப் பிடித்து இழுக்கும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.